நெடும்பயணத்தின் நடுவே சொந்த மதுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியாக நெடும்பயணம் போகிறவர்கள் பலர் சொந்த ஊரை மட்டும் பார்ப்பதில்லை. தஞ்சாவூரில் ஒவ்வொரு கல்வெட்டின் முன்னாலும் நிற்பவர்கள், ஹம்பியில் சூரியோதயம் பார்க்க இருட்டிலேயே பாறை ஏறுபவர்கள், தங்கள் ஊர் வந்ததும் வீட்டுக்குள் போய் அழுக்குத் துணியைத் துவைத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். நான் மதுரைக்காரி. கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே போன பயணத்தில், மதுரையையும் வழியில் வருகிற ஓர் ஊராகவே வைத்துக்கொண்டு இறங்கினேன். அதைப் பற்றித் தோழிகளும், தனியாகப் பயணம் போக நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பிறந்து வளர்ந்த ஊரில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

சொந்த ஊரை நாம் வேலை நிமித்தமாகத்தான் பழகியிருக்கிறோம். தீபாவளிக்குத் துணி எடுக்க விளக்குத்தூண், பள்ளிப் புத்தகத்துக்குப் புதுமண்டபம், பஸ் பிடிக்கப் பெரியார். வாங்க வேண்டியதை வாங்கியதும் திரும்பிவிடுவோம்.

விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் துணிக்கடைகளுக்கு நடுவே பிரம்மாண்டமான பத்துக் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தச் சந்துக்கே பத்துத்தூண் சந்து என்றுதான் பெயர். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக எத்தனை முறை போயிருப்பேன், ஒரு முறையும் அண்ணாந்து பார்த்ததில்லை. அவை நாயக்கர் காலத்து அரண்மனைக் கட்டடத்தின் மிச்சம். மேலே கூரை கிடையாது, இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

விளக்குத்தூணுக்கும் ஒரு கதை உண்டு. 1840களில் மதுரையின் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊரை நெருக்கிக்கொண்டிருந்த கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அவர் நினைவாக வைத்த விளக்குக் கம்பம்தான் அது. கோட்டை இருந்த வரிசையில் வந்தவை வெளிவீதிகள். அந்த வேலையில் இருந்த சர்வேயரின் பெயர் மாரட் வீதிக்கும், மேஸ்திரியின் பெயர் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் வந்தது. பெருமாள் மேஸ்திரி வீதி என்று வாழ்நாள் முழுக்க ஆட்டோக்காரரிடம் சொல்லியிருக்கிறோம், யார் அந்தப் பெருமாள் என்று கேட்டதில்லை. கோட்டையின் ஒரு துண்டு இன்னும் பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கத்தில் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா? ஏன் நெடும்பயணத்தின் நடுவில்?

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் பத்து மணிக்கு ஒரு போன் வரும், "வர்றப்ப அரைக் கிலோ தக்காளி வாங்கிட்டு வா" என்று. அதோடு அன்றைய சுற்றுலா முடிந்தது.

முக்கியமான காரணம் வேறு. பல ஊர்களில் தொடர்ந்து சுற்றிய பிறகு உடம்புக்கும் கண்ணுக்கும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. விடிவதற்கு முன் எழுவது, தெரியாத சந்தில் திரும்புவது, கடைக்காரரிடம் கூச்சமில்லாமல் கேட்பது, பலகையில் இருப்பதை முழுதாக வாசிப்பது எல்லாம் தானாக நடக்கும். அந்தப் பழக்கம் சூடாக இருக்கும்போதே சொந்த ஊரில் இறங்க வேண்டும். பயணத்தின் முதல் ஊராக வைத்தால் பழக்கம் இன்னும் வந்திருக்காது. கடைசி ஊராக வைத்தால் மனம் வீட்டுக்குத் திரும்பிவிடும், காலும் சோர்ந்துபோயிருக்கும். நடுவில் வைப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, ஒப்பிட ஊர்கள் கையில் இருக்கும். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலையும் கிருஷ்ணாபுரம் சிற்பங்களையும் பார்த்துவிட்டு மதுரைப் புதுமண்டபத்துக்கு வந்தபோது, நாயக்கர் காலத் தூண் சிற்பம் என்றால் என்ன என்று கண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பள்ளி நாட்களில் அங்கே நோட்டுப் புத்தகத்தைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்கினால் வீட்டில் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

கோபித்துக்கொள்வார்கள். "ஊருக்குள்ள வீட்ட வச்சுக்கிட்டு ரூம் போட்டு இருக்கியா, நாலு பேர் என்ன நெனப்பாங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை இறங்குவதற்கு முன்பே போனில் சந்தித்துவிடுங்கள். இறங்கிய பிறகு அத்தை மூலமாகத் தெரிந்தால் வருத்தம் பல மடங்காகும். முதல் மூன்று நாள் வெளியே, பிறகு வீடு என்று தேதியோடு சொல்லிவிட்டால் பெரும்பாலான அம்மாக்கள் அந்தத் தேதிக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வெளியே தங்குவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் தங்கினால் காலை டிபன் ஒன்பது மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குள் திரும்ப வேண்டும், சாயங்காலம் யாராவது பார்க்க வருவார்கள். மதுரையில் பார்க்கத் தகுந்த நேரம் அதிகாலையும் இரவும். அந்த இரண்டையும் வீடு எடுத்துக்கொள்ளும்.

வசதி இல்லாதவர்கள், அல்லது வீட்டில் வயதானவர்களை விட்டுத் தங்க மனம் வராதவர்கள், வீட்டிலேயே தங்கி விடியற்காலை ஐந்து முதல் ஒன்பது வரை மட்டும் தங்களுக்கென்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

ஆதாரில் மதுரை முகவரி இருந்தால் ரூம் கொடுப்பார்களா?

இது உண்மையான சிக்கல். உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்குப் பல விடுதிகள் அறை தருவதில்லை. சட்டம் அப்படித் தடுக்கவில்லை, விடுதிகள் தாங்களாக வைத்துக்கொண்ட விதி. ஆன்லைனில் பணம் கட்டும் முன் விடுதிக்கே போன் செய்து, "ஆதார்ல லோக்கல் அட்ரஸ்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்று நேரடியாகக் கேளுங்கள். முன்பதிவுத் தளங்கள் சிலவற்றில் உள்ளூர் அடையாள அட்டையை ஏற்கும் விடுதிகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. வேலை பார்க்கும் ஊரின் முகவரியோடு பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ இருந்தால் அதைக் கொடுக்கலாம்.

ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள வீதிகளில் எல்லா விலையிலும் விடுதிகள் உண்டு. கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம்.

பெண் தனியாகச் சுற்றினால் சொந்த ஊரில் தொந்தரவு அதிகமா, குறைவா?

என் அனுபவத்தில் குறைவு. பேச்சு கைகொடுக்கிறது. நம் மதுரைப் பேச்சில் "அண்ணே, தெப்பக்குளம் போக எவ்வளவு?" என்று கேட்டால் ஆட்டோவில் பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடும். விடுதி வரவேற்பில்தான் கேள்வி வரும், "தனியாவாம்மா வந்திருக்கீங்க? யாரைப் பார்க்க?" என்று. "ஊரைப் பார்க்க" என்று நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் இரவு பத்து மணி வரைக்கும் கூட்டம் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. மலைகளின் விஷயம் வேறு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

வீதிகளிலிருந்து. வெளியூர்க்காரர்கள் நேரே கோபுர வாசலில் போய் நிற்பார்கள். நமக்கு அந்த அவசரம் இல்லை.

கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரம் சதுரமாக விரிகின்றன, கடைசியில் வெளிவீதி. ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. முதல் நாள் வெளிவீதியிலிருந்து உள்நோக்கி நடங்கள், ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு முழுச் சுற்று. காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் மாசி வீதி வரை முடிந்துவிடும்.

தேர்த் திருவிழா நடப்பது சித்திரையில், தேர் ஓடுவது மாசி வீதியில். சிறு வயதில் இது எனக்கு உறைத்ததே இல்லை. மாசியில் நடந்துவந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு அதைச் சேர்த்தார் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அதற்கு முன் அழகர் இறங்கியது தேனூர்ப் பக்கத்து வைகையில். சைவத்தையும் வைணவத்தையும் ஒரே ஊர்த் திருவிழாவில் சேர்த்துவைத்த அந்த ஏற்பாட்டின் தடயம் வீதியின் பெயரில் இன்றும் இருக்கிறது.

மேலமாசி வீதியில் ஒரு கதர்க் கடையின் மாடிக்கு ஏறிப் பாருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி முழு உடையை விட்டு அரையாடைக்கு மாறியது இந்த வீட்டில்தான். புது உடையில் அவர் மக்கள் முன் முதலில் தோன்றிய இடம் காமராசர் சாலையில் இருக்கிறது, காந்தி பொட்டல் என்று பெயர். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு மறுநாள் தமுக்கம் பக்கத்துக் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனால் மூன்றும் ஒரு தொடராக மனதில் உட்காரும். அருங்காட்சியகம் இருப்பது ராணி மங்கம்மாளின் அரண்மனையில். 1959இல் நேரு திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி ரத்தக் கறையோடு அங்கே இருக்கிறது. பள்ளியில் வரிசையாகக் கூட்டிப்போய் வரிசையாக வெளியே கொண்டுவந்தார்கள். தனியாகப் போனபோது அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வேண்டிய மட்டும் நிற்க முடிந்தது.

கோயிலுக்குள் எந்த நேரம் நல்லது? போன் கொண்டுபோகலாமா?

போனுக்கு அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு கைபேசிக்குத் தடை வந்தது. வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஊரைப் பார்க்க வந்தவருக்கு இதைவிட நல்ல விதி கிடையாது.

நேரம் என்று கேட்டால் இரவு. நடை சாத்தும் முன் சுந்தரேசுவரர் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் போகும் பள்ளியறை பூஜை தினமும் நடக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் அதற்கென்றே காத்திருப்பார்கள், உள்ளூரில் பிறந்த நாம் பலர் பார்த்ததில்லை. பகலில் ஆயிரங்கால் மண்டபம். 1569இல் அரியநாத முதலியார் கட்டியது, உண்மையில் தூண்கள் 985. எந்தத் தூண் பக்கம் நின்றாலும் வரிசை நேராகத் தெரியும் என்று கேள்விப்பட்டிருப்போம், உள்ளே அரை மணி நேரமாவது மெதுவாக நடந்து பாருங்கள். தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம், சுமார் 170 அடி.

1939 ஜூலை 8 என்ற தேதியை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்று எல்லா மதுரைக்காரர்களிடமும் சொல்வேன். அன்றுதான் வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை சாதியின் பெயரால் உள்ளே விடப்படாத சமூகங்களைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்கள் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில் நடந்தது. சிற்பத்தின் வயதைக் கேட்டு வியக்கும் நாம், இந்த வாசல் எல்லோருக்கும் திறந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மகாலைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தாயிற்றே, மறுபடியும் வேண்டுமா?

வேண்டும், ஆனால் ஒரு மணி நேரம் போதும். திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது நான்கில் ஒரு பங்கு என்பார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் பலவற்றைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். பிறகு கவர்னர் நேப்பியர் காலத்தில் பழுதுபார்த்தார்கள், நீதிமன்றமாகவும் இருந்தது. உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்து பத்துத்தூண் சந்து வரை நடங்கள். அரண்மனை வளாகம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பது அந்த நடையில்தான் பிடிபடும்.

மலைகள் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்களே?

நெடும்பயணத்தில் வருபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். கோயிலுக்கு ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை, மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஒரு நாள் கொடுங்கள். நகரத்துக்குள் நாம் காண்பதில் பெரும்பகுதி நாயக்கர் காலம். மலைகளில் அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய மதுரை இருக்கிறது.

மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பணசாமி கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்பொடவில் குகையின் வாயிலருகே பெரிய மகாவீரர். இவை ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுச் சிற்பங்கள். சமணர் போன பிறகும் மலை அவர்கள் பெயரையே வைத்திருக்கிறது, அடிவாரத்தில் கருப்பணசாமிக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

கிழக்கே யானைமலை. மேலூர் சாலையில் போகிற எல்லோருக்கும் தெரிந்த மலை, படுத்திருக்கிற யானையேதான். அதன் அடியில் நரசிங்கம் கிராமத்தில் இருக்கும் குடைவரைக் கோயிலைப் பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770ஆம் ஆண்டு வாக்கில் குடைவித்தார், முடிக்கும் முன் இறந்துபோனார், அவர் தம்பி மாறன் எயினன் முடித்தார். கல்வெட்டு சொல்லும் செய்தி இது.

இன்னும் வடக்கே போனால் மாங்குளம், அரிட்டாபட்டி. மாங்குளத்துக் குகையில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்து இருக்கிறது, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது. அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தது. ஊர் மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த மக்கள் மலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள், பாறையைவிட அதிகம் சொல்வார்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு: காலையில் ஏறிப் பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். பாறை சுடும், தண்ணீர் மேலே கிடைக்காது. போகும்போது அடிவாரத்தில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு ஏறுங்கள். ஆளில்லாத குகைகளுக்குப் பெண்கள் துணையில்லாமல் போக வேண்டாம். பசுமை நடை குழுவினர் இந்த மலைகளுக்கு மக்களைக் கூட்டாக அழைத்துப் போவதுண்டு. தேதி பொருந்தினால் அவர்களோடு போவது மேல், கல்வெட்டை வாசித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள்.

கீழடி?

கட்டாயம். சுமார் 12 கிலோமீட்டர்தான், சிவகங்கை மாவட்டம். அகழாய்வில் கிடைத்தவற்றுக்காக 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் எழுத்தும் குறியீடும் கீறிய பானை ஓடுகள் நிறைய இருக்கின்றன, அவற்றில் ஆட்களின் பெயர்களும் உண்டு. அரை நாள் ஒதுக்குங்கள்.

சாப்பாட்டுக்குப் பழகிய கடையா, புதுக் கடையா?

ஒரு வேளை பழகிய கடை, மற்ற வேளைகள் புதிது. காலையில் தள்ளுவண்டிப் பருத்திப்பால், சுக்கும் கருப்பட்டியும் மணக்க. இரவு கறிதோசையோ பரோட்டா சால்னாவோ. ஜிகர்தண்டாவை விளக்குத்தூண் பக்கம் நின்று குடிக்கலாம். நான் சொல்ல விரும்புவது சௌராஷ்டிரர் தெருக்களைப் பற்றி. நூற்றாண்டுகளாக மதுரையில் வாழும் நெசவாளர் சமூகம், சுங்குடிச் சேலை அவர்கள் கைவேலை. நம்மோடு பள்ளியில் படித்த சௌராஷ்டிரத் தோழி வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பழைய தோழியைக் கூப்பிட்டுக் கேளுங்கள், கடையில் கிடைக்காதது கிடைக்கும்.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியற்காலை போங்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மொட்டாக வந்து இறங்கும் நேரத்தில் அங்கே நின்றால் வாசனை உடம்பெல்லாம் ஏறும்.

சொந்தக்காரர்கள் வழியில் பார்த்துவிட்டால்?

பார்ப்பார்கள். மாசி வீதியில் பெரியம்மா மகனைச் சந்திக்காமல் யாரும் போக முடியாது. ஒளிய வேண்டாம், கூட அழைத்துக்கொள்ளுங்கள். "வாங்கண்ணே, பத்துத்தூணைப் பார்க்கத்தான் போறேன்" என்றால் முதலில் விழிப்பார், பிறகு தன் சிறு வயதில் அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்லத் தொடங்குவார். வெளியூரில் வழிகாட்டிக்குப் பணம் கொடுத்தாலும் கிடைக்காத தகவல் இது. கோயிலுக்குள் மட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். சொந்த ஊரில் வழிகாட்டிக்குக் காசா என்று தயங்க வேண்டாம், சிற்பம் அவருக்குத்தான் தெரியும்.

பழைய இடங்கள் மாறிப்போனதைப் பார்த்தால் மனம் கனக்காதா?

கனக்கும். ஆசியாவிலேயே பெரியது என்று நாம் பெருமை பேசிய தங்கம் தியேட்டர் இல்லை. சென்ட்ரல் மார்க்கெட் இடம் மாறிவிட்டது. புதுமண்டபத்துத் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வெளியேறியதில் எனக்கு வருத்தம் உண்டு, ஊரின் பாதிப் பள்ளிப் பிள்ளைகள் அந்த மண்டபத்துக் கடைகளில்தான் புத்தகம் வாங்கினார்கள். ஆனால் சிற்பங்களின் மேல் துணி தொங்கிக்கொண்டிருந்ததையும் மறக்கக் கூடாது.

மாற்றம் எல்லாம் இழப்பில்லை. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை என் வயதினர் காய்ந்த தரையாகத்தான் பார்த்தோம், பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிற்கிறது, மைய மண்டபத்துக்குப் படகு போகிறது. சாயங்காலம் படித்துறையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். 2023இல் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் பள்ளியில் படித்தபோது அது இருந்திருந்தால் என்று ஏங்கினேன்.

என் ஊர் சின்ன ஊர், மதுரை மாதிரி ஒன்றும் இல்லையே?

ஏரி மதகு எந்தக் காலத்தது, சந்தை ஏன் அந்தக் கிழமையில் கூடுகிறது, ரயில் நிலையம் எப்போது வந்தது, கோயில் சுவரில் எழுத்து இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளோடு இறங்குங்கள். மாவட்ட விவரச் சுவடியை (கெசட்டியர்) கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். தபால்காரர், பூசாரி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று மூன்று பேரிடம் பேசினால் இரண்டு நாள் போதாது.

எந்த மாதம் போகலாம்? அங்கிருந்து அடுத்த ஊருக்கு எப்படி?

மார்கழி, தை. மலையேறலாம், தைப்பூசத்துக்குத் தெப்பத் திருவிழாவும் சேர்ந்துவரும். சித்திரைத் திருவிழா பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்றே தனியாக வாருங்கள். அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம், வேறு எதையும் பார்க்கவும் முடியாது.

திருச்சி, தஞ்சாவூர், சென்னைப் பக்கம் போகிறவர்களுக்கும் திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்களுக்கும் மாட்டுத்தாவணி. தேனி, திண்டுக்கல், கொடைக்கானல், கோயம்புத்தூர் என்றால் ஆரப்பாளையம். பையைத் தூக்கிக்கொண்டு தவறான பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டியிருக்கும். வீட்டில் கட்டிக்கொடுக்கும் புளியோதரை மதியம் வரை தாங்கும், அதனால் காலைப் பேருந்தாகவே பாருங்கள்.